சுகர் மாத்திரையைத் தப்பில்லாமல் சாப்பிட: அட்டையில் தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். அம்மாவுக்கு வாய் குழறியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். கழுத்தெல்லாம் வியர்வை, கை சில்லிட்டுப் போயிருந்தது. பக்கவாதம் என்றே முடிவுகட்டி ஆட்டோ பிடிக்கக் கிளம்பினேன். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்காதான், "சுகர் பாத்தியாப்பா?" என்றார். பார்த்தோம். 46.

குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அம்மா கொஞ்சம் தெளிந்த பிறகு மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். பத்து நாளுக்கு முன்னால் காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். வரும்போது கொடுத்த சீட்டில் ஒரு சுகர் மாத்திரை. வீட்டில் ஏற்கெனவே பழைய டாக்டர் எழுதிய சுகர் மாத்திரை. பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. அம்மா இரண்டையும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டிலும் ஒரே வரி: கிளிமிபிரைட் 2 மி.கி.

எனக்கும் பதினோரு வருடமாகச் சுகர். அன்றுவரை நானும் அட்டையைத் திருப்பிப் பார்த்தவன் இல்லை. "சுகர் மாத்திரை" என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் ஆறேழு வகை மருந்துகள் இருக்கின்றன. ஒன்று பட்டினியில் ஆளைச் சாய்க்கும், ஒன்று சாய்க்காது. ஒன்று கிட்னியைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது, ஒன்றுக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் டப்பாவில் இருப்பது எந்த வகை என்று தெரிந்தால்தான் மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் பொருள்படும்.

நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்ட, குறைக்க, நிறுத்த இதில் வழி தேடாதீர்கள். பெரியவர்களுக்கு வரும் டைப் 2 சர்க்கரைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வீட்டில் எப்படிப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது என்பது மட்டுமே இங்கே பேச்சு.

முதல் வேலை: டப்பாவைக் கொட்டுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் மேசையில் கொட்டுங்கள். சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், முட்டிவலி, வாயு என்று ஒன்று விடாமல். நாட்டு மருந்துப் பொடி இருந்தால் அதுவும். ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: அட்டையின் முன்னால் பெரிதாக இருக்கும் வியாபாரப் பெயர், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எந்த வேளை.

இதில் முக்கியம் இரண்டாவது. நம் ஊரில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எத்தனையோ பெயர்களில் விற்கின்றன. அதோடு இரண்டு, மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது இங்கே சகஜம். பெயரின் வாலில் எம் என்று இருந்தால் பெரும்பாலும் மெட்ஃபார்மின் சேர்ந்திருக்கிறது என்று பொருள். 1, 2 என்ற எண் பல கம்பெனிகளில் கிளிமிபிரைடின் மில்லிகிராம். 'ஃபோர்ட்டே' என்று ஒட்டியிருந்தால் மெட்ஃபார்மின் 500-க்குப் பதில் 1000 ஆக இருக்கலாம். கடையில் அவசரத்தில் 'ஃபோர்ட்டே' மாறி வந்தால் ஒரே நாளில் மருந்து இரட்டிப்பாகிவிடும். ஆகவே வாலை நம்பாமல் பின்பக்க வரியைப் படியுங்கள். எழுத்து தெரியவில்லையா, செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எழுதி முடித்ததும் ஒரே மருந்து இரண்டு இடத்தில் வருகிறதா என்று தேடுங்கள். காலையில் கிளிமிபிரைடோடு மெட்ஃபார்மின் 500, இரவில் வில்டாகிளிப்டினோடு மெட்ஃபார்மின் 1000 என்று இருந்தால், ஒரு நாளைக்கு மெட்ஃபார்மின் 1500. அது டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுத்ததாக இருக்கலாம், தவறில்லை. ஆனால் இதற்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த வெறும் மெட்ஃபார்மினையும் போட்டுக்கொண்டிருந்தால் கணக்கு எங்கோ போய்விடும். பொதுவாக நாளொன்றுக்கு 2000 மி.கி.க்கு மேல் போவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரை வருகிறது, நல்ல விஷயம். அதே சமயம் தனியார் டாக்டரிடமும் காட்டுபவர்கள், இந்த மாத்திரை அங்கே தெரிய வேண்டும், அந்தச் சீட்டு இங்கே தெரிய வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவேதான், இடம் மட்டும் வேறு.

உங்கள் மாத்திரை எந்த வகை?

மெட்ஃபார்மின். அநேகமாக எல்லோருடைய டப்பாவிலும் இருக்கும். கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுவதைக் குறைக்கும். தனியாகச் சாப்பிட்டால் லோ சுகர் வருவது அரிது. வயிற்றைத்தான் படுத்தும்: குமட்டல், பேதி, வாயில் உலோகச் சுவை. அதனால்தான் 500-இல் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுகிறார்கள், அதனால்தான் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே என்கிறார்கள். இரண்டு வாரம் பொறுத்தும் வயிறு கேட்கவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல், மெதுவாகக் கரையும் வகை (எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டிருக்கும்) கிடைக்குமா என்று கேளுங்கள். அந்த வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மலத்தில் மாத்திரைக் கூடு அப்படியே வருவதைப் பார்த்துச் சிலர் பயந்துபோகிறார்கள். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வருவது வெறும் கூடு.

மெட்ஃபார்மினில் பலருக்குத் தெரியாத ஒன்று பி12. வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், தினம் காலையில் பான்டோபிரசோல் போன்ற வாயு மாத்திரை போடுகிறவர்களுக்கும் இன்னும் எளிதாகக் குறையும். காலில் மதமதப்பு வந்தால் "சுகர்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுவோம். அது பி12 குறைவாகவும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகவும் ஆகும்.

கிளிமிபிரைட், கிளிக்லசைட், கிளிபிசைட், கிளிபென்கிளமைட். சல்ஃபோனைல்யூரியா என்று ஒரு குடும்பம். கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் தட்டும், அதுதான் சிக்கல். இந்த மருந்து பிறந்ததே லோ சுகரில் இருந்துதான். 1942-இல் பிரான்சின் மான்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியதை மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் கவனித்தார். அந்தப் பக்க விளைவைத்தான் பின்னால் மருந்தாக்கினார்கள். விலை குறைவு, நன்றாகவே வேலை செய்யும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் டப்பாவில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், பட்டினி உங்களுக்குக் கிடையாது. வயதானவர்களுக்குக் கிளிபென்கிளமைட் குறிப்பாக நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் என்பதால் இப்போது தவிர்க்கிறார்கள். பழைய சீட்டில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் வகை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சுகரைத் தாண்டியும் நல்லது செய்கிறது. எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் இந்தியாவில் முடிந்து, பல கம்பெனிகள் இறங்கி, விலை சரிந்த பிறகு இப்போது நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். இதைச் சாப்பிடும்போது சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை இருக்கத்தான் செய்யும், பதற வேண்டாம். பிறப்புறுப்பில் அரிப்பு, வெள்ளைப்படிவு வரலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சிறுநீர் கழித்த பிறகு தண்ணீரால் கழுவுவதும் உலர வைப்பதும் பெருமளவு தடுக்கும். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும்.

இந்த வகையில் அரிதான ஆனால் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறிவிடலாம், அப்போதும் மெஷினில் சுகர் 180, 200 என்றுதான் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, தாங்க முடியாத அசதி என்றால் "சுகர் நார்மலாத்தானே இருக்கு" என்று வீட்டில் உட்காராமல் அவசரப் பிரிவுக்குப் போய், இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். அரிசியை அடியோடு நிறுத்தும் கீட்டோ டயட்டும் இந்த மாத்திரையும் ஒன்றாக ஆகாது. அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பல் பிடுங்கப் போனாலும் மாத்திரை விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், லினாகிளிப்டின். கிளிப்டின் என்று முடிகிற குடும்பம், சாது. தனியாக லோ சுகர் தருவது அரிது. விடாத மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தால் கணைய அழற்சியா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பயோகிளிடசோன். 2013 ஜூனில் இந்தியாவில் தடை செய்து, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தார்கள். இதயச் செயலிழப்பு இருப்பவர்களுக்கும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ஆகாது. கால் வீங்கினாலோ, வாரத்தில் இரண்டு மூன்று கிலோ ஏறினாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ உடனே டாக்டர்.

வாக்லிபோஸ், அகார்போஸ். மாவுச்சத்து குடலில் உடைவதைத் தாமதப்படுத்தும். முதல் கவளத்தோடு சாப்பிட வேண்டும், சாப்பிட்டு முடித்த பிறகு போட்டுப் பயனில்லை. வயிறு ஊதும். இதில் ஒரு பொறி இருக்கிறது, லோ சுகர் பகுதியில் சொல்கிறேன்.

அப்புறம் செமாகிளூடைட் மாத்திரை. 2022-இல் இங்கே வந்தது. வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு (120 மில்லி) மேற்படாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் கூடாது. காலைக் காபியைத் தள்ளிப்போட முடியாதவர்கள் இதை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

நேரம் என்பது கடிகாரம் இல்லை, இலை

"காலை எட்டு மணி மாத்திரை" என்று பழகிவிட்டோம். சல்ஃபோனைல்யூரியா குடும்பத்துக்கு எட்டு மணி முக்கியமில்லை, இட்லி தட்டில் விழுந்ததா என்பதுதான் முக்கியம். கிளிமிபிரைடைக் காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்போ சாப்பாட்டோடோ போடலாம். டாக்டர் "அரை மணி முன்னால்" என்று சொல்லியிருந்தாலும், சாப்பாடு கண்ணில் தெரியாமல் போடாதீர்கள்.

கல்யாண வீட்டில்தான் இது அதிகம் தவறும். "அடுத்த பந்தி நமக்குத்தான்" என்று நம்பி மாத்திரையை விழுங்கிவிடுவோம். முகூர்த்தம் தள்ளும், போட்டோவுக்கு நிற்கச் சொல்வார்கள், பந்தியில் இடம் கிடைக்க ஒன்றரை மணி ஆகும். இலையில் உட்கார்ந்து சாதம் விழுந்த பிறகு போட்டுக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஒரு வேளை சாப்பாடு இல்லையென்றால் அந்த வேளை கிளிமிபிரைட் வகையும் இல்லை. எல்லா மாத்திரைக்கும் பொது விதி ஒன்று: மறந்துபோன வேளையை ஈடுகட்ட அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை விட்டால் சுகர் கொஞ்சம் ஏறும். இரண்டு வேளை சேர்ந்தால் ஆள் விழலாம்.

லோ சுகர்: மனப்பாடமாகத் தெரிய வேண்டியது

70-க்குக் கீழே போனால் லோ. 54-க்குக் கீழே அபாயம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், கண் இருட்டு, பேச்சுக் குழறல். வயதானவர்களுக்கு வியர்வைகூட இல்லாமல் வெறும் குழப்பமாகவே வரும். ஏட்டனலால், மெட்டோபுரொலால் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் மிஞ்சும். மெஷின் கையில் இல்லையென்றால் லோ என்றே எடுத்துக்கொண்டு சர்க்கரை கொடுங்கள்.

15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று நான்கு டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் சர்க்கரை, பழச்சாறு. சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் வேண்டாம், கொழுப்பு சேர்ந்ததால் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லையென்றால் இன்னொரு முறை. தாண்டியதும் பிஸ்கட், இட்லி என்று திடமாக ஏதாவது கொடுங்கள்.

முன்னால் சொன்ன பொறி இதுதான். வாக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுகிறவருக்கு லோ வந்தால் வீட்டுச் சர்க்கரையும் மிட்டாயும் வேகமாக வேலை செய்யாது. அந்தச் சர்க்கரை குடலில் உடைந்தால்தான் ரத்தத்தில் சேரும், உடைவதைத்தான் இந்த மருந்து தடுத்துக்கொண்டிருக்கிறது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். கிளிமிபிரைட், மெட்ஃபார்மின், வாக்லிபோஸ் மூன்றும் ஒன்றாகக் கலந்த மாத்திரை நம் கடைகளில் சர்வசாதாரணம், அதைச் சாப்பிடுகிற எத்தனையோ பேர் சட்டைப் பையில் வைத்திருப்பது ஆரஞ்சு மிட்டாய்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான் செய்த இரண்டாவது தப்பையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 46-இல் இருந்து 118 வந்ததும் "சரியாயிடுச்சு" என்று படுக்கவைத்துவிட்டேன். எட்டரை மணிக்கு மறுபடி 52. கிளிமிபிரைட் உடம்பில் மணிக்கணக்கில் நிற்கும், நாம் கொடுத்த குளுக்கோஸ் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அன்று இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிப் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் குடும்ப மாத்திரையால் ஆள் குழம்பும் அளவுக்கு லோ வந்தால், தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

கிட்னி எண்

கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.1 என்று ரிப்போர்ட்டில் பார்த்து "நார்மல்" என்று நிம்மதியாகிவிடுகிறோம். 70 வயதுப் பெண்மணிக்கு அதே 1.1-ஐ வயதோடும் பாலினத்தோடும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சிறுநீரகம் வடிகட்டும் திறனைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர் 54 பக்கம்தான் வருகிறது. இளைஞர்களுக்கு 90-க்கு மேல் இருக்கும். மருந்து கிட்னி வழியாக வெளியேற வேண்டியதாக இருந்தால், வெளியேறாமல் தேங்கிக் கூடுதல் டோஸ் போலவே வேலை செய்யும். அம்மாவுக்கு அன்று அவ்வளவு இறங்கியதில் இதற்கும் பங்கு இருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

மெட்ஃபார்மினை 45-க்குக் கீழே வந்தால் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். சிட்டாகிளிப்டினும் குறைக்க வேண்டியது, லினாகிளிப்டினுக்கு அந்தத் தேவை இல்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது இந்த எண்ணைப் பாருங்கள், ஏற்கெனவே 60-க்குக் கீழே இருந்தால் இன்னும் அடிக்கடி. ஸ்கேனுக்காக ரத்தக்குழாயில் சாயம் ஏற்றப் போவதாகச் சொன்னால், மெட்ஃபார்மின் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். கிட்னி நிலையைப் பொறுத்து இரண்டு நாள் நிறுத்தச் சொல்லலாம்.

காய்ச்சல், வாந்தி, பேதி வந்த நாள்

இந்த நாள்களில்தான் நல்ல மாத்திரையும் எதிரியாகும். வாந்தியும் பேதியுமாக உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மின் தேங்கி, அரிதாக ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றலாம். கிளிஃப்ளோசின் வகை நீரை இன்னும் வெளியேற்றும். சாப்பாடு இறங்காதபோது கிளிமிபிரைட் லோ ஆக்கும். மறுபக்கம், தொற்று இருக்கும்போது சாப்பிடாவிட்டாலும் சுகர் ஏறும். ஆகவே "சாப்பிடல, எல்லாத்தையும் நிறுத்திட்டேன்" என்பதும் தப்பு, "மாத்திரைய மட்டும் விடவே மாட்டேன்" என்பதும் தப்பு.

நல்ல உடம்போடு இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வாந்தி பேதி என்றால் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும், எப்போது திரும்ப ஆரம்பிக்க வேண்டும். சில பிரஷர் மாத்திரைகளையும் சிறுநீர் போக வைக்கும் மாத்திரைகளையும்கூட அன்று நிறுத்தச் சொல்வார்கள். கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை சுகர் பாருங்கள். தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்றால் அடுத்த நாள் காலைவரை காத்திருக்காதீர்கள். முதுகுவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் வகை அன்று அறவே வேண்டாம்.

விரதமும் நோன்பும்

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கும் அத்தைமார்களிடம் "இருக்காதீங்க" என்று சொல்லிப் பயனில்லை, எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் இரண்டு வாரம் முன்னால் டாக்டரிடம் சொல்ல வையுங்கள். ரமலான் நோன்புக்கும் அப்படித்தான். தினம் ஒரு வேளை மட்டும் போடும் கிளிமிபிரைடைக் காலையில் இருந்து இஃப்தாருக்கு மாற்றி அளவைக் குறைப்பது போன்ற மாற்றங்களை முன்பே யோசித்துச் செய்ய வேண்டும். விரலில் குத்திச் சுகர் பார்ப்பது நோன்பை முறிக்காது என்றே மார்க்க அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள், அதனால் பகலில் பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதமும் கிளிஃப்ளோசினும் சேர்வது நல்லதல்ல.

மற்ற மருந்துகளோடு உரசும்போது

ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். டாபாகிளிஃப்ளோசினால் அரிப்பு வருகிறது. மெடிக்கலில் சொல்லிப் பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் மாத்திரை வாங்கிப் போடுகிறோம். அந்த ஃப்ளூகோனசோல் கிளிமிபிரைட் உடம்பில் உடைவதைத் தடுக்கிறது. கிளிமிபிரைட் தேங்குகிறது, லோ சுகர் வருகிறது. மூன்றுமே தனித்தனியாக நல்ல மருந்துகள். மூன்றையும் ஒரே இடத்தில் பார்ப்பவர் ஒருவரும் இல்லாததுதான் கோளாறு. அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை மெடிக்கல் கடைக்கும் எடுத்துப் போங்கள்.

லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக், கோட்ரிமாக்சசோல், கிளாரித்ரோமைசின் ஆகியவையும் கிளிமிபிரைட் குடும்பத்தோடு சேர்ந்தால் சுகரை இறக்கலாம். ஸ்டீராய்டு நேர் எதிர், கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏற்றும். மூட்டுவலிக்கு முட்டியில் போடும் ஊசியிலும் ஸ்டீராய்டு இருந்தால் சில நாள் ஏறியே இருக்கும்.

வெறும் வயிற்றில் மது குடித்தால் கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்திவிடும். இரவு குடித்து, சாப்பிடாமல் படுத்து, விடிகாலையில் லோவாகி விழுபவரை "போதை இன்னும் தெளியல" என்று நினைத்து யாரும் எழுப்பக்கூட மாட்டார்கள்.

சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய்ச் சாறு. இவற்றுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை ஓரளவு இருப்பதால்தான் சொல்லிச் சாப்பிட வேண்டும் என்கிறேன். சமையலில் சேர்ப்பது வேறு, மாத்திரையோடு தினம் ஒரு டம்ளர் சாறு என்பது வேறு. மூலிகை என்றால் பக்க விளைவு கிடையாது, இங்கிலீஷ் மருந்து வெறும் கெமிக்கல் என்று வாதாடும் உறவினர்களுக்கு ஒரு தகவல்: மெட்ஃபார்மினின் மூலமே காலேகா என்ற ஐரோப்பியச் செடிதான். 1957-இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார்.

பெயர் தெரியாத பொடியும் உருண்டையும்தான் என்னைப் பயமுறுத்துபவை. 2008-இல் சிங்கப்பூரில் ஐந்து மாதத்துக்குள் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் கடுமையான லோ சுகரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள், அவர்களில் நால்வர் இறந்தார்கள். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. "பதினைந்து நாளில் சுகர் காணாமல் போகும்" என்று பஸ் ஸ்டாண்டில் விற்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அட்டையைத் திருப்பிப் பார்க்க முடியாது. அதற்கு அட்டையே கிடையாது.

வாங்குவதும் வைப்பதும்

விலை மலிவான ஜெனரிக் மாத்திரை வாங்குவதில் தப்பில்லை. மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகம் எல்லாமே உதவும். பெயர் மாறியதும் பழைய அட்டையை டப்பாவில் இருந்து அப்புறப்படுத்துங்கள், அது மட்டும் போதும். அட்டையைக் கத்தரித்து வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தை வெட்டிவிடாமல் பாருங்கள். ஃப்ரிட்ஜ் மேல், சமையலறை அலமாரி, காரின் டேஷ்போர்டு எல்லாம் சூடான இடங்கள், வேண்டாம். ஏழு நாள் கட்டம் போட்ட டப்பா நூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. ஈரம் பிடிக்காமல் இருக்க, ஒரு வாரத்துக்கு மட்டும் பிரித்து வையுங்கள்.

டாக்டரிடம் போகும் நாள்

மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, பலருக்கு 7-க்குக் கீழே என்பது இலக்கு. தள்ளாத வயதில், தனியாக இருப்பவருக்கு, அடிக்கடி லோ ஆகிறவருக்கு 8 வரை விடலாம் என்று டாக்டரே சொல்வார். அம்மாவுக்கு இப்போது அப்படித்தான். 6.2 என்று வந்தால் நாங்கள் முன்பு இனிப்பு இல்லாமலே கொண்டாடுவோம், இப்போது எத்தனை முறை லோ ஆகியிருக்கும் என்று கேட்கிறோம். அதேபோல ஒல்லியான உடம்பு, எத்தனை மாத்திரை ஏற்றினாலும் சுகர் இறங்கவில்லை, எடை சரிந்துகொண்டே போகிறது என்றால், மாத்திரை போதாத வேறு வகைச் சர்க்கரையா என்று கேட்க வேண்டும். இன்சுலினுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பமாக இருந்தால் அல்லது அதற்குத் திட்டமிட்டால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புது மாத்திரை எழுதினால் எழுந்து வருவதற்கு முன் மூன்று கேள்வி: இது எந்த வகை, இதற்குப் பதிலாகப் பழையதில் எதை நிறுத்த வேண்டும், சாப்பிடாத நாளில் இதைப் போடலாமா? ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அம்மா இப்போதெல்லாம் என்னை நம்புவதில்லை. புது அட்டை வந்தால் எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துப் பின்பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறார், அதன் பிறகுதான் டப்பாவில் போடுகிறார்.